கீரையை இனங்காண்போம், அது வளரும் நிலத்தையும் அறிவோம்

சென்ற மாரி மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், துணுக்காயில் உள்ள எமது பணிமனை வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வாடிப்போன கீரைப்பிடி ஒன்று.

"பாதர், இதைத்தான் நேற்றுச் சமைச்சனான். சின்னவளுக்கு இரவு முழுக்க வயித்தாலை போகுது. பருப்புக்கீரை நல்லது, குடுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, பையிலிருந்த கீரையை மேசையில் பரப்பினோம். அது பருப்புக்கீரை அல்ல. பூத்துக் காய்க்கத் தொடங்கியிருந்த வட்டச்சாரணை. முற்றிய சாரணை வயிற்றைக் கலக்கும் என்பது ஊரறிந்த விடயம்.

அந்தத் தாயின் குடும்பம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். சொந்தக் காணிக்குரிய பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. உறவினர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். முகாமில் இருந்த காலத்தில் சந்தையில் சக்கரவர்த்திக்கீரை வாங்கிச் சமைத்திருக்கிறார். அதற்குப் பருப்புக்கீரை என்றும் ஒரு பெயர் அங்கே உண்டு. இங்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அயலவர் ஒருவர் தரையோடு படர்ந்து கிடந்த ஒரு சதைப்பற்றான செடியைக் காட்டியிருக்கிறார். எம்மிடம் கேட்டபோது நாமும் செடியைக் காட்டச் சொல்லவில்லை. பெயரை மட்டும் கேட்டுவிட்டு "நல்ல கீரை" என்று பதில் சொன்னோம். பார்க்காமலே சொன்ன பிழை எம்முடையது. அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு பெயர், மூன்று செடிகள்

பருப்புக்கீரை என்ற பெயரைத் தமிழர் ஒரே செடிக்கு வைத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் பலர் தரையோடு படரும், மஞ்சள் பூப்பூக்கும் போர்ச்சுலாக்கா ஒலரேசியா என்ற செடியையே பருப்புக்கீரை என்பர். கோழிக்கீரை என்பதும் அதுவே. வேறு சிலர் நிமிர்ந்து வளரும் செனப்போடியம் அல்பம் என்ற செடியை அவ்வாறு அழைப்பர். சக்கரவர்த்திக்கீரை என்பது இதன் மறுபெயர். இந்த இரண்டுக்கும் தாவரவியலில் நெருங்கிய உறவு எதுவும் இல்லை.

மூன்றாவதாக வருவது எமது வட்டச்சாரணை. போர்ச்சுலாக்காவைப் போலத் தோன்றுவதனால் அதற்குத் தாவரவியலாளர் வைத்த பெயரே திரையாந்திமா போர்ச்சுலாகாஸ்ட்ரம் என்பதாகும். ஆக, முகாமில் உண்ட கீரையின் பெயர் இரண்டாவது செடிக்கு மாறி, இரண்டாவது செடியின் சாயல் மூன்றாவது செடிக்கு மாறி, கடைசியில் சட்டிக்குள் விழுந்தது சாரணை.

இடம்பெயர்ந்த மக்களாகிய எமக்கு இது புதிதல்ல. வலிகாமத்தில் ஒரு பெயர், மன்னாரில் இன்னொரு பெயர், வன்னியில் வேறொரு பெயர். பெயர்களை நாம் கூடவே எடுத்து வருகிறோம். செடிகளோ தத்தம் நிலத்தில் நின்றுவிடுகின்றன. ஆகவே பெயரை நம்பிக் கீரை பிடுங்கக்கூடாது. உருவத்தையும் நிலத்தையும் பார்த்தே பிடுங்க வேண்டும்.

வாத்தின் பாதம் போன்ற இலை

அந்தத் தாய் தேடிய சக்கரவர்த்திக்கீரை எப்படியிருக்கும்? செனப்போடியம் என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வாத்தின் பாதம் என்பது அதன் பொருள். கீழ் இலைகள் வாத்தின் பாதம் போல அகன்று, விளிம்பில் பற்கள் வெட்டியிருப்பதனால் இப்பெயர். அல்பம் என்றால் இலத்தீன் மொழியில் வெள்ளை. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் இப்பெயரை இட்டார். பெயரிலேயே இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. ஏனையவற்றையும் சேர்த்துக் கீழே தருகிறோம்.

1. செடி நிமிர்ந்து வளரும். நல்ல நிலத்தில் ஒரு மீற்றருக்கு மேலும் உயரும். தண்டில் நீளவாட்டில் வரிகள் இருக்கும். சிலவற்றில் அவ்வரிகள் சிவப்பாக இருக்கும்.

2. இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். கீழ் இலை அகன்று பல் வெட்டியிருக்கும். மேல் இலை ஒடுங்கி ஈட்டி முனை போல இருக்கும்.

3. குருத்திலும் இலையின் அடிப்பக்கத்திலும் மா தூவியது போல வெண்பொடி படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடி கையில் ஒட்டும். இதுவே முக்கியமான அடையாளம்.

4. பூக்கள் மிகச் சிறியவை, பச்சை நிறமானவை. பகட்டான இதழ்கள் இல்லை. நுனியில் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும். விதை கறுத்து மினுங்கும்.

5. கசக்கி முகர்ந்தால் கடுமையான நாற்றம் வராது. இலங்கையின் மலைநாட்டில் களையாகக் காணப்படும் இதன் உறவுச்செடி ஒன்றுக்குக் காரமான மணம் உண்டு. அதனைக் கீரையாக உண்ண முற்படவேண்டாம்.

இந்தச் செடி உலகின் பல பாகங்களில் களையாகவும் உணவாகவும் இருக்கிறது. வட இந்தியாவில் குளிர்காலக் கோதுமை வயலில் முளைக்கும் இதனைப் பதுவா என்று அழைத்து, மாவோடு சேர்த்து ரொட்டி சுடுவர், தயிரோடு கலந்தும் உண்பர். இமயமலைச் சாரலில் இதன் விதையைத் தானியமாகவும் பயிரிட்டிருக்கிறார்கள். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை மக்களின் கினோவாத் தானியமும் செனப்போடியம் இனத்தைச் சேர்ந்ததே. 2013 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச கினோவா ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. ஏழைகளின் தானியம் என்று நெடுங்காலம் தள்ளிவைக்கப்பட்ட ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு அது.

துணுக்காயில் ஏன் இல்லை?

அடையாளங்களை எழுதிக்கொண்டு துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளம் பக்கமெல்லாம் இந்தச் செடியைத் தேடினோம். வாய்க்கால் ஓரம், வயல் வரம்பு, பாழடைந்த வளவுகள், மாட்டுப்பட்டி எல்லாம் பார்த்தோம். கிடைக்கவில்லை. எம்மோடு வந்த ஊர் மூதாட்டி ஒருவர் சிரித்தார். "பாதர், செடியைத் தேடி அலையாதேங்கோ. முதல் நிலத்தைப் பாருங்கோ. அந்த நிலத்தில என்ன நிக்குது எண்டு பிறகு பாப்பம்."

அவர் சொன்னது சரி. ஒவ்வொரு செடிக்கும் அதற்கென்று ஒரு வாழிடம் உண்டு. வாத்துப்பாதச் செடிக்கு இரண்டு விடயங்கள் வேண்டும். ஒன்று, கிளறிய, எருச்சத்துள்ள மண். இரண்டு, குளிர்ந்த பருவம். முதலாவது எம்மிடம் நிறைய உண்டு. இரண்டாவது வன்னியில் இல்லை. மார்கழிப் பனி விழுந்தாலும் கோதுமை விளையும் குளிர் இங்கு வருவதில்லை.

ஆனால் இந்த இடத்தை இயற்கை வெறுமையாக விடவில்லை. முன்னர் தாவரவியல் நூல்கள் வாத்துப்பாதச் செடிகளைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தன. கடந்த நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட பரம்பரை அலகு ஆய்வுகளின் பின் அவை முளைக்கீரை, குப்பைக்கீரை அடங்கிய அமரந்தேசியே குடும்பத்தோடு சேர்க்கப்பட்டன. பீற்றூட்டும் இதே குடும்பம்தான். ஆகவே சக்கரவர்த்திக்கீரையின் இரத்த உறவுகள் எமது வளவிலேயே நிற்கின்றன. அங்கே குளிரில் அது செய்யும் வேலையை, இங்கே வெயிலில் குப்பைக்கீரை செய்கிறது. அமரந்தஸ் இனச் செடிகள் கடும் வெயிலையும் வெப்பத்தையும் பயன்படுத்தி விரைவாக வளரும் இயல்புடையவை.

எமது நிலத்தின் உறவுகள்

மூதாட்டி எம்மை முதலில் அழைத்துச் சென்றது வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டுக்கு. அங்கே நின்றது குப்பைக்கீரை, அதாவது அமரந்தஸ் விரிடிஸ். முள் இல்லை. இலைக்காம்பு நீளம். இலையின் நுனி கூராக முடியாமல் சற்று உள்வாங்கியிருக்கும். விளிம்பில் பற்கள் இல்லை. வெண்பொடியும் இல்லை. நுனியில் பச்சை வால் போலப் பூங்கதிர் நீளும். சமையல் தண்ணீர் ஊற்றும் இடம், சாம்பல் கொட்டும் இடம், ஆட்டுக்கொட்டில் ஓரம் ஆகியவை இதற்கு விருப்பமான இடங்கள்.

மாட்டுப்பட்டிப் பக்கம் நின்றது முள்ளுக்கீரை. இலை தண்டோடு சேரும் இடத்தில் சோடியாக முட்கள் இருக்கும். குருத்து இலையை முள் நீக்கிச் சமைக்கலாம்.

குளக்கட்டின் கீழே, ஈரம் காயாத இடத்தில் பொன்னாங்காணி படர்ந்திருந்தது. இலைகள் எதிரெதிராக இருக்கும். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பூக்கள் சிறு உருண்டைகளாக ஒட்டியிருக்கும். இதுவும் அதே குடும்பம். குளத்து நீர் வற்ற வற்ற அதுவும் கரையைப் பின்தொடர்ந்து இறங்கும்.

மேட்டுப் பயிர் நிலத்தில் நின்றது பண்ணைக்கீரை. வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த கதிர் தூரத்திலிருந்தே தெரியும். பூக்குமுன் பிடுங்கினால் கறிக்கு உதவும்.

வாத்துப்பாதச் செடிக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று வேண்டுமானால் கடற்கரைக்குப் போகவேண்டும். அதுவே உமிரி. உமரி என்றும் சொல்வர். ஆனையிறவு, சுண்டிக்குளம், நந்திக்கடல், மன்னார்க் கரை போன்ற உவர் நிலங்களுக்கு உரியது. இலைகள் தட்டையாக இராது. உருண்டு, சதைப்பற்றாக, விரல் நகத்துண்டுகள் போலச் சிறிதாக இருக்கும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கோடையில் சில செடிகள் சிவந்துவிடும். உப்பு மண்ணில் வேறெதுவும் வளராத இடத்தில் அது வளர்வது, உப்பைத் தன் இலைக்குள் அடக்கிவைக்கும் ஆற்றலினாலேயே. எனவே உமிரியை நிறையத் தண்ணீரில் அவித்து, நீரை ஊற்றிவிட்டே சமைக்க வேண்டும். கறிக்குத் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் உவர்க்கீரையும் பழைய சொந்தக்காரர்கள். விவிலியத்தின் யோபு நூலில், நாட்டைவிட்டு விரட்டப்பட்டுப் பசியால் மெலிந்த மனிதர் புதர்களுக்கிடையே ஒரு கீரையைப் பிடுங்கி உண்பதாக வருகிறது. அது வாத்துப்பாதக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உவர்நிலச் செடி என்பது பல அறிஞர்களின் கருத்து.

1996 இன் நினைவு

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் தென்மராட்சியில் தங்கி, பின்னர் கிளாலி கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 இன் நடுப்பகுதிக்குப் பின் கிளிநொச்சி மக்களும் இடம்பெயர்ந்து அக்கராயன், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் ஒதுங்கினர். அப்போது நாம் பாடசாலைச் சிறுவர். நிவாரண அரிசியும் பருப்பும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மரக்கறி வாங்கக் காசில்லை. தோட்டம் செய்து பழகிய எமது அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் தெரியும், வன்னிக் காடு தெரியாது. அவருக்குக் கீரை காட்டிக் கொடுத்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். முசுட்டை எங்கே ஏறும், குறிஞ்சா எங்கே படரும், திராய் எந்த மாதத்தில் வயலில் முளைக்கும் என்று கூட்டிச்சென்று காட்டினார்கள். எழுதி வைக்கவில்லை. கையால் தொட்டு, முகர்ந்து, சுவைத்துப் பழகியது அது.

பின்னர் 2008 இல் துணுக்காய் மக்களே இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கி நடந்தார்கள். 2009 இன் இறுதியிலிருந்து மீளக் குடியேறினார்கள். இந்த அலைச்சலில் பல மூதாட்டிகள் போய்விட்டார்கள். முகாமிலும் பிற நாட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கீரை என்றால் சந்தையில் கட்டாக விற்பது மாத்திரம்தான். 2022 இல் பொருள்விலை மலையேறியபோது, வளவிலே கீரை நிற்கச் சந்தையில் விலை கேட்டுத் திரும்பிய குடும்பங்களை நாம் கண்டோம். அறிவு ஒரு தலைமுறை இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் சாரணையும் சட்டிக்குள் விழுந்தது.

ஏமாற்றும் செடிகள்

வட்டச்சாரணையையும் போர்ச்சுலாக்காவையும் பிரித்தறிவது கடினமல்ல. சாரணையில் எதிரெதிராக நிற்கும் இரு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய உறை போன்ற சவ்வு இருக்கும். பூ வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாக அந்த உறைக்குள் ஒளிந்திருக்கும். போர்ச்சுலாக்காவில் இலைகள் கிளை நுனியில் கூடி நிற்கும். பூ மஞ்சள். சாரணைக் குருத்தைச் சிலர் உண்பதுண்டு. முற்றியதை உண்ணக்கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே கூடாது.

மிகவும் ஆபத்தானது ஊமத்தை. இளம் பருவத்தில் அதன் இலையும் அகன்று, விளிம்பு வளைந்து வெட்டியிருக்கும். குப்பைமேட்டில், குப்பைக்கீரைக்கு நடுவிலேயே முளைக்கும். ஊமத்தை இலையில் வெண்பொடி இருக்காது. இலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமாக இராது. கசக்கினால் வெறுக்கத்தக்க நாற்றம் வரும். தவறுதலாக உண்டவருக்கு வாய் உலரும், கண்மணி விரியும், பிதற்றல் உண்டாகும். வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உண்ட செடியில் ஒரு கிளையையும் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கே பிடுங்கக்கூடாது?

இனங்காணல் சரியாக இருந்தாலும் நிலம் பிழையானால் கீரையும் பிழைதான்.

களைநாசினி அடித்த வயல் வரம்பிலும் தோட்ட ஓரத்திலும் பிடுங்கவேண்டாம். 2015 இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற் மீதான தடை 2022 இல் நீக்கப்பட்டது. அடுத்த வயல்காரர் எப்போது என்ன அடித்தார் என்று கேட்டறிந்த பின்னரே கை வையுங்கள்.

யூரியா கொட்டிய இடத்திலும் மலசலகூடக் குழி ஓரத்திலும் தழைத்து நிற்கும் கீரையைக் கண்டு மயங்கவேண்டாம். இக்குடும்பச் செடிகள் மண்ணிலுள்ள நைத்திரேற்றை இலையில் சேர்த்துவைக்கும். இவற்றில் ஒட்சாலிக் அமிலமும் உண்டு. அதனால் இளங்கீரையாகப் பிடுங்கி, அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடுவதே முறை. சிறுநீரக நோயும் சிறுநீர்க்கல்லும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை எமது மண்ணுக்கே உரியது. இந்தக் கீரைகள் கிளறிய மண்ணை விரும்புபவை என்றோம். பழைய பதுங்குகுழிகள், மண் அணைகள், இடிந்த காவலரண்கள் எல்லாம் கிளறிய மண்தான். அங்கே கீரை செழித்து நிற்கும். அங்கேதான் மிதிவெடிகளும் புதைக்கப்பட்டன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்து, பெருமளவு நிலம் துப்புரவு செய்யப்பட்டுள்ளது. ஆயினும் எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள இடத்துக்கு ஒரு பிடி கீரைக்காகவும் போகவேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பிள்ளைகளைத் தனியே அனுப்பவேண்டாம். இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

காணிப்பத்திரம் கேட்காத பயிர்

இவ்வளவு ஆபத்துக்கும் எளிய மாற்று ஒன்று உண்டு. காட்டில் தேடும் கீரையை வாசலுக்குக் கொண்டுவருவது. பிறர் வளவில் இருப்பவர்கள் மாவும் பலாவும் நடத் தயங்குகிறார்கள். அது நியாயம். நாளைக்கு எழும்பு என்றால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது. ஆனால் கீரைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும்.

நன்கு இனங்கண்ட குப்பைக்கீரை, முளைக்கீரைச் செடிகளில் இரண்டு மூன்றைப் பிடுங்காமல் முற்றவிடுங்கள். கதிர் காய்ந்ததும் ஒரு சாக்கின் மேல் உதறி, கறுத்த விதைகளைச் சேர்த்து, சாம்பலோடு கலந்து போத்தலில் வையுங்கள். ஒரு பாய் அளவு நிலத்தைக் கொத்தி, உக்கிய மாட்டெருவைக் கலந்து, விதையை மணலோடு சேர்த்துத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். கிணற்றடியில் வடிந்தோடும் தண்ணீரே போதும். மூன்று நான்கு கிழமைகளில் பிடுங்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடுத்த பாத்தியைத் தூவினால் வீட்டில் கீரை தட்டுப்படாது. விதைப் போத்தலோ, எங்கே எழும்பிப் போனாலும் கையோடு வரும்.

புதிய செடி ஒன்றைக் கண்டால் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாவற்றோடும் பிடுங்கி, எந்த நிலத்தில் நின்றது என்பதையும் குறித்துக்கொண்டு, விவசாயப் போதனாசிரியரிடமோ ஊரிலுள்ள அனுபவசாலியிடமோ காட்டுங்கள். வெறும் இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பெயரை மட்டும் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள்.

அந்தத் தாயின் பிள்ளை ஜீவனி குடித்து மூன்றாம் நாள் வீடு திரும்பியது. அடுத்த கிழமை மூதாட்டியையும் அழைத்துக்கொண்டு அவர்கள் கொட்டிலுக்குப் போனோம். கிணற்றடி வாய்க்காலின் ஓரத்திலேயே குப்பைக்கீரை நின்றது. தாய் ஓர் இலையைப் பிடுங்கி, நுனி உள்வாங்கியிருக்கிறதா என்று பார்த்து, கசக்கி முகர்ந்து, மூதாட்டியின் முகத்தைப் பார்த்தார். "இதுதான் பிள்ளை" என்றார் ஆச்சி. அன்று மத்தியானம் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த கீரைவறையை எமக்கும் ஒரு தட்டில் தந்தார்கள். இப்போது யாராவது கீரையைப் பற்றிக் கேட்டால் நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: "செடியைக் கொண்டு வாங்கோ, பார்த்துச் சொல்லுறம்."